கினா: ஒரு மரத்தின் பெயர் இன்னொரு மரத்துக்குப் போனது எப்படி?

கேள்வி இதுதான்: மலேரியா மருந்தான குயினைன் கிடைக்கும் மரத்தை ஸ்பானிய மொழியில் "கினா" என்கிறார்கள். அது ஆண்டிஸ் மலைப் பூர்வகுடிகளின் மொழியான கெச்சுவாவின் சொல் என்றும், "கினா கினா" என்றால் "பட்டைகளின் பட்டை" என்றும், அதிலிருந்துதான் சின்கோனா என்ற பெயரும் வந்தது என்றும் பல இடங்களில் படிக்கிறோமே, எவ்வளவு உண்மை?

மூன்று கூற்றுகளில் முதலாவது மட்டும் தேறும். கினா கெச்சுவா சொல்தான். ஆனால் கெச்சுவா பேசியவர்கள் அந்தப் பெயரால் அழைத்தது குயினைன் மரத்தை அல்ல. "பட்டைகளின் பட்டை" என்பது பிற்காலத்து ஊகம். சின்கோனாவுக்கும் கெச்சுவாவுக்கும் தொடர்பே இல்லை. அது மட்ரிட் அருகிலுள்ள ஓர் ஊரின் பெயர்.

முதலில் பழைய பதிவுகளைப் பார்ப்போம். இந்தப் பட்டையைப் பற்றி அச்சில் வந்த மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று, பெருவில் வாழ்ந்த அகஸ்தீனியத் துறவி அன்டோனியோ டி லா கலாஞ்சா எழுதியது. 1638இல் பார்சிலோனாவில் வெளிவந்தது. லோஹா பகுதியில் (இன்று ஈக்வடாரின் தென்பகுதி) "காய்ச்சல் மரம்" என்ற ஒன்று உண்டு, அதன் இலவங்கப்பட்டை நிறப் பட்டையைப் பொடித்து இரண்டு ரியால் எடை குடிக்கக் கொடுத்தால் முறைக்காய்ச்சல் (விட்டு விட்டு வரும் காய்ச்சல்) போகிறது, லிமாவில் அது அற்புதங்கள் செய்திருக்கிறது என்கிறார். ஒரு ரியால் வெள்ளிக்காசின் எடை 3.4 கிராம், ஆக, ஒரு வேளைக்குக் கிட்டத்தட்ட 7 கிராம் பொடி. அளவு, நிறம், ஊர் எல்லாம் இருக்கின்றன. "கினா" என்ற சொல் மட்டும் இல்லை.

1653இல் எழுதி முடித்த இயேசு சபைத் துறவி பெர்னாபே கோபோ இன்னும் தெளிவாக இருக்கிறார். அவர் "காய்ச்சல் மரம்" என்று ஒன்றையும் "கினாகினா" என்று வேறொன்றையும் தனித்தனியாக விவரிக்கிறார். அவருக்கு அவை இரண்டும் ஒன்றல்ல.

அப்படியானால் உண்மையான கினாகினா எது? தாவரவியலார் மைராக்சிலன் என்று அழைக்கும் மரம். பயறு வகைக் குடும்பம். வாசனைப் பிசின் தருவது. சந்தையில் "பெரு பால்சம்" என்று விற்கும் பிசின் இந்தப் பேரினத்திலிருந்துதான் வருகிறது. (அந்தப் பெயரும் ஒரு குளறுபடிதான். சரக்கு உருவானது எல் சால்வடார் கடற்கரையில். பெருவின் கல்லாவோ துறைமுகம் வழியாகக் கப்பலேறியதால் பெருவின் பெயர் ஒட்டிக்கொண்டது.) பொலிவியாவிலும் வட அர்ஜென்டினாவின் சால்டா, ஹுஹுய் மாநிலங்களிலும் இன்றைக்கும் மைராக்சிலன் மரத்தைத்தான் "கினா", "கினா கொலராடா" என்கிறார்கள். கொலராடா என்றால் சிவந்தது. நானூறு ஆண்டு குழப்பத்துக்குப் பிறகும் பழைய பொருள் அந்த மலையடிவாரங்களில் அப்படியே இருப்பது சின்ன சாட்சி அல்ல.

பெயர் இடம் மாறிய விதத்தை 1737இல் லோஹாவுக்கு நேரில் போய் மரத்தைப் பார்த்த பிரெஞ்சு அறிவியலாளர் லா கொண்டமீன் விசாரித்து எழுதியிருக்கிறார். கட்டுரை 1738க்குரிய பிரெஞ்சு அறிவியல் கழகத் தொகுதியில் உள்ளது. அவர் தரும் வரிசை இது: கினாகினா மரத்தின் பிசினும் பட்டையும் விதைகளும் பழைய மருந்துகள். லா பாஸ் பக்கத்து இயேசு சபையினர் அந்தப் பட்டையைச் சேகரித்து, முறைக்காய்ச்சலுக்கு மருந்தாக ரோமுக்கு அனுப்பினார்கள். பிறகு லோஹா பட்டையும் அதே கைகள் வழியாக, அதே ரோமுக்கு, அதே நோய்க்காகப் போய்ச் சேர்ந்தது. புதிய சரக்கு பழைய சரக்கின் பெயரிலேயே விலைபோயிற்று. புதியது நன்றாக வேலை செய்ததால் பழையது சந்தையை விட்டுப் போனது. பெயர் மட்டும் தங்கிவிட்டது. இந்தக் குழப்பத்தில் கலப்படத்துக்கும் பங்கு உண்டு. தேவை ஏறி, லோஹா பட்டை போதாதபோது, வேறு பட்டையைக் கலந்தார்கள்; பொடியாக இடித்த பிறகு எது எந்த மரம் என்று பார்வைக்குத் தெரியாது.

இனி "பட்டை" என்ற பொருளுக்கு வருவோம். அதற்கு மூலமும் லா கொண்டமீன்தான். அன்று புழக்கத்தில் இருந்த கெச்சுவாவில் இந்தச் சொல்லுக்கு விளக்கம் கிடைக்காமல், 1614ஆம் ஆண்டுப் பழைய அகராதி ஒன்றைப் புரட்டினார். அதில் "கினா-ஐ" என்ற பதிவும், அதற்குப் பொருளாக பெருவின் பூர்வகுடிப் பெண்கள் போர்த்தும் சிறு மேலாடை என்றும் இருந்தது. மேலாடை உடலைப் போர்த்துகிறது, பட்டை மரத்தைப் போர்த்துகிறது, ஆகவே கினா என்றால் பட்டையாக இருக்கலாம் என்றார். ஊகமாகச் சொன்னதை அடுத்தடுத்து எழுதியவர்கள் முடிவாக எடுத்துக்கொண்டார்கள். இன்றைய ஸ்பானிய அகராதிகளிலும் "கெச்சுவா கினாகினா, பட்டை" என்று அது உட்கார்ந்திருக்கிறது.

இதில் இடிக்கும் இடம் எளிது. கெச்சுவாவில் பட்டைக்கு வழக்கமான சொல் "கரா". தோல், பழத்தோல், மரப்பட்டை எல்லாவற்றுக்கும் அதே சொல். ஒரு மரத்தைப் பட்டையின் பெயரால் அழைக்க நினைத்திருந்தால் கைக்கு எட்டும் சொல் அது. லா கொண்டமீனின் தோழர் ஜோசப் டி ஜுசியு அதே 1737இல் லோஹா பகுதியில் எழுதிய குறிப்புகளில் காய்ச்சல் மரத்துக்கு உள்ளூர்ப் பெயர்கள் தருகிறார்: அவற்றில் "கசப்புப் பட்டை" என்று பொருள்படும் பெயரும், "நடுக்கப் பட்டை" என்று பொருள்படும் "கராசுக்சு"வும் உண்டு. இரண்டிலும் "கரா" வெளிப்படையாக நிற்கிறது. சுக்சு என்பது குளிர் நடுக்கம். இன்றைக்கும் ஆண்டிஸ் பகுதியில் மலேரியாவுக்கு அதுதான் பெயர், அர்ஜென்டினா ஸ்பானிய மொழியில் "சூச்சோ" என்று நடுக்கத்துக்கும் பயத்துக்கும் வழங்குவதும் அதுவே. இப்படிப் பொருள் தெளிந்த பெயர்கள் இருக்க, கப்பலேறியது பொருள் தெளியாத பெயர்!

இரட்டிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கெச்சுவாவில் ஒரு செடியின் பெயர் இரட்டித்து வந்தால் அது மருந்துச்செடி என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் கிளெமென்ட்ஸ் மார்க்கம் எழுதினார். "பட்டைகளின் பட்டை" என்ற மொழிபெயர்ப்புக்கு இதுதான் முட்டுக்கொடுக்கிறது. உண்மையில் இரட்டிப்பின் வேலை வேறு. ரூமி என்றால் கல். ரூமி ரூமி என்றால் கல் நிறைந்த இடம். சாச்சா மரம், சாச்சா சாச்சா மரங்கள் அடர்ந்த தோப்பு. அதாவது மிகுதி, செறிவு. இருமலுக்குக் கஷாயம் வைக்கும் "வீரா வீரா" செடியின் பெயரில் வீரா என்பது கொழுப்பு. மருந்துச்செடிதான், ஆனால் பெயர் மருந்தைச் சொல்லவில்லை. "சிறந்த", "தலைசிறந்த" என்ற பொருளை இரட்டிப்பிலிருந்து கறக்க முடியாது. ஸ்பானிய மொழியில் பின்பு ஒரு பாதி உதிர்ந்து கினா ஆனது. பிரெஞ்சுக்காரர்கள் இரண்டு பாதியையும் வைத்துக்கொண்டு "காங்கினா" என்றார்கள்.

எழுத்தொலியிலிருந்தும் ஒரு தடயம் கிடைக்கிறது. பெருவின் குஸ்கோ பகுதிக் கெச்சுவாவில் "க" வரிசைக்குள் ஆறு ஒலிகள்: நாவின் பின்பகுதியில் பிறப்பவை மூன்று, அதற்கும் கீழே உள்நாக்கில் பிறப்பவை மூன்று. ஸ்பானியர்கள் இரண்டையும் ஒரே மாதிரி எழுதிவிட்டார்கள். ஆனால் உள்நாக்கு "க"வை அடுத்து வரும் "இ" அங்கே "எ" போலத் தாழ்ந்து ஒலிக்கும். ஆண்டிஸ் புல்லாங்குழலின் கெச்சுவாப் பெயரில் உள்நாக்கு ஒலி இருப்பதால் ஸ்பானியக் காதில் அது "கேனா" ஆனது. நம் மரத்தின் பெயர் "கேனா" ஆகவில்லை, "கினா"வாகவே நின்றது. எனவே இது சாதாரண "க". புல்லாங்குழலோடு முடிச்சுப் போட்டு, துளையுள்ள தண்டு என்றெல்லாம் விளக்குபவர்களை இந்த ஒரு உயிரெழுத்தை வைத்தே மறுக்கலாம். மரத்தின் பெயருக்கு வேர்ப்பொருள் என்ன என்று அடித்துச் சொல்லும் ஆதாரம் கிடையாது. பல மரப்பெயர்களுக்கு அப்படித்தான். வேம்பு என்றால் வேம்பு.

பெயரை இறக்குமதி செய்தது ரோம். லோஹாவிலேயே பட்டைக்கு நிலைத்த பெயர் "கஸ்காரியா", சிறு பட்டை என்ற சுத்தமான ஸ்பானியச் சொல். பட்டை உரிப்பவர்கள் "கஸ்காரியேரோ". கார்டினல் ஹுவான் டி லூகோவின் ஆதரவில் ரோமில் கொடுக்கப்பட்ட பட்டையோடு போன 1649ஆம் ஆண்டுச் செய்முறைத் தாள் சொல்வது: பட்டையை இரண்டு டிராம் எடுத்து (மறுபடியும் அதே 7 கிராம்தான், கலாஞ்சா சொன்ன இரண்டு ரியால்), நன்றாக இடித்துச் சலித்து, காய்ச்சல் வரும் நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு ஒரு குவளை கடுமையான வெள்ளை ஒயினில் ஊறப்போட்டு, நடுக்கம் தொடங்கும்போது முழுவதையும் குடித்துவிட வேண்டும். ஒயின் தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு: குயினைன் தண்ணீரில் சரியாகக் கரையாது, அமிலமும் சாராயமும் உள்ள திரவத்தில் கரையும்.

அந்தத் தாளில் பட்டையின் பெயர் இத்தாலிய முறையில் "china" என்று எழுதப்பட்டது. இத்தாலியர் படித்தால் "கீனா", மற்றவர்கள் படித்தால் "சைனா". வில்லங்கம் இங்கே இரண்டு மடங்கு. ஏனென்றால் ஐரோப்பிய மருந்துக்கடைகளில் ஏற்கெனவே "சைனா வேர்" ஒன்று இருந்தது. அது நிஜமாகவே சீனாவிலிருந்து வந்த, நாம் பறங்கிப்பட்டை என்று சொல்லும் கொடியின் கிழங்கு. அதனால்தான் இதை "காய்ச்சல் சைனா" என்று அடைமொழி சேர்த்துப் பிரித்தார்கள். நம் ஊர் ஓமியோபதிக் கடையில் "சைனா 30" என்று வாங்குவது இந்தப் பெருவியப் பட்டைதான், சீன நாட்டுச் சரக்கு அல்ல. ஓமியோபதியைத் தொடங்கிய ஜெர்மன் மருத்துவர் ஹானிமன் 1790இல் தன்மேல் சோதித்துப் பார்த்ததும் இதே பட்டை. ஜெர்மன் மொழி அதை "ஹீனா" என்று ஒலித்தது. எழுத்தை ஆங்கிலமாக வாசித்து நாம் சைனா ஆக்கிவிட்டோம்.

சின்கோனாவின் கதை தனி. பெருவின் அரசுப்பிரதிநிதியாக 1629 முதல் 1639 வரை இருந்தவர், மட்ரிட் அருகிலுள்ள சின்சோன் ஊரின் பிரபு. அவர் மனைவி காய்ச்சலில் கிடந்து இந்தப் பட்டையால் பிழைத்தாள், அவளே அதை ஸ்பெயினுக்குக் கொண்டுபோனாள் என்று 1663இல் செபாஸ்டியானோ பாடோ என்ற ஜெனோவா மருத்துவர் எழுதினார். அதை நம்பித் தாவரவியலார் லின்னேயஸ் 1742இல் பேரினத்துக்குச் சின்கோனா என்று பெயர் வைத்தார். சின்சோன் (Chinchón) என்பதில் முதல் c-க்கு அடுத்து இருக்கவேண்டிய h எழுத்து விடுபட்டு Cinchona ஆகிப் போனது. கதையோ நிற்கவில்லை: முதல் மனைவி ஆனா டி ஒசோரியோ 1625இலேயே ஸ்பெயினில் இறந்துவிட்டார். உடன் போனது இரண்டாம் மனைவி பிரான்சிஸ்கா. அவர் ஊர் திரும்பும் வழியில் கார்தஹேனாவில் (இன்று கொலம்பியா) 1641இல் இறந்தார், ஸ்பெயினுக்கு எதையும் கொண்டுபோகவில்லை. லிமாவில் எழுதப்பட்ட சமகால நாட்குறிப்பில் காய்ச்சலில் படுப்பவர் பிரபுதான். இதையெல்லாம் 1941இல் ஹாகிஸ் என்பவர் ஒவ்வொன்றாக அவிழ்த்துக் காட்டினார். விடுபட்ட எழுத்தைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி 1874இல் மார்க்கம் ஒரு புத்தகமே எழுதினார். அவர் அதில் கொண்டாடியது முதல் மனைவியை! எழுத்துப்பிழையைத் திருத்தப் போய் ஆளையே மாற்றிவிட்டார். தாவரவியல் பெயர்விதிப்படி லின்னேயஸின் எழுத்தே இன்றும் செல்லும்.

இந்த மார்க்கம்தான் 1860இல் ஆண்டிஸிலிருந்து நாற்றும் விதையும் சேகரிக்கும் பயணத்தை நடத்தி, கினாவை நீலகிரிக்குக் கொண்டுவந்தவர். ஊட்டி அரசுத் தோட்டத்தின் மெக்ஐவர் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அதை வளர்த்தார். பட்டையை நாடா நாடாவாகக் கிழித்தெடுத்து, உள்ளே இருக்கும் ஈரமான வளர்படலம் சேதமாகாமல் அதன்மேல் பாசியைக் கட்டி மூடினால் புதுப்பட்டை வளர்கிறது, அதில் சத்தும் கூடுகிறது என்று கண்டது அவர்தான். வளர்படலத்தில் கத்தி பட்டால் அந்த இடம் காய்ந்து போகும். வால்பாறை பக்கத்தில் சின்கோனா என்ற பெயரில் ஊரே இருக்கிறது. இங்கே மக்கள் வாயில் வழங்கியது "கொய்னா". அதில் ஒலிப்பது சின்சோன் சீமாட்டி அல்ல, கெச்சுவா கினாதான்.

இன்றைய ஸ்பானிய மொழியில் கினா என்றால் மரப்பட்டையும் அதிலிருந்து செய்யும் மருந்தும். மரத்தைக் குறிக்க "கினோ" என்றும் உண்டு. பட்டை ஊறவைத்த இனிப்பு ஒயினுக்கும் கினா என்றே பெயர். ஸ்பெயினில் போன நூற்றாண்டில் பசி எடுக்க வேண்டும் என்று குழந்தைகளுக்கே அதை ஊற்றிக் கொடுத்தார்கள். "கினாவை விழுங்குவது" என்றால் பிடிக்காததை வாய்மூடிப் பொறுத்துக்கொள்வது. "கினாவைவிட மோசம்" என்று ஆளைத் திட்டுவதும் உண்டு. கசப்பு அவ்வளவு. ஆனால் அகராதியில் கினா என்று பார்த்ததையெல்லாம் கெச்சுவா என்று எடுத்துக்கொள்ளக் கூடாது: லாட்டரியில் ஐந்து எண் சேர்வதைக் குறிக்கும் கினா லத்தீன், கால்பனம் என்ற பிசினைக் குறிக்கும் கினா அரபு. கீன்வா தானியம் கெச்சுவாதான், ஆனால் அதன் மூலச்சொல் "கின்வா", இதற்கு உறவில்லை. தவிர, காய்ச்சலுக்குக் குடிக்கும் கசப்புப் பட்டை எதுவானாலும் லத்தீன் அமெரிக்கா முழுவதும் கினா என்ற பெயர் போய் ஒட்டியிருக்கிறது. மெக்சிகோவில் ஹின்டோனியா, பிரேசிலில் எட்டியின் உறவான ஒரு மரம் என்று பட்டியல் நீளும்.

இந்தக் கடைசிச் செய்திக்கு நடைமுறை விளைவு உண்டு. சந்தையில் கினா என்று வாங்கியது எந்த மரம் என்று பெயரை வைத்துத் தீர்மானிக்க முடியாது. மரம் கண்முன் இருந்தால் சுலபம். சின்கோனாவில் இலைகள் தனி இலைகள், எதிரெதிராக நிற்கும். பூ குழல் வடிவம், இதழோரத்தில் மயிர். காய் வெடித்து நிறையச் சிறகு விதைகள் உதிரும். மைராக்சிலனில் கூட்டிலை, சிற்றிலையை வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடிபோல் புள்ளிகளும் கோடுகளும் தெரியும், காயில் நீண்ட ஒற்றைச் சிறகு, நுனியில் ஒரே விதை, நசுக்கினால் பால்சம் வாசனை.

பொடியாக இருந்தால் வேதிச்சோதனைதான். ஒரு கிராம் பொடியை 10 மில்லி நீர்த்த கந்தக அமிலத்தில் குலுக்கி, வடிகட்டி, இருட்டில் புறஊதா விளக்கின் கீழ் பார்த்தால் குயினைன் நீலமாக ஒளிரும். இரண்டு இடத்தில் ஏமாறலாம். பட்டையின் சிவப்புச் சாயம் அடர்த்தியாக இருந்தால் ஒளிர்வை மறைத்துவிடும்; இன்னும் பத்து மடங்கு நீர்க்க வேண்டும். வேறு செடிகளிலுள்ள கூமரின் வகைப் பொருள்களும் நீலமாக ஒளிரும். அதனால் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுப் பாருங்கள். உப்பிலுள்ள குளோரைடு குயினைனின் ஒளிர்வை அணைக்கும், கூமரினுக்கு ஒன்றும் ஆகாது. இதே காரணத்தால் கந்தக அமிலத்துக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் சோதனை பாழ். இன்னொரு பழைய முறை: உலர்ந்த சோதனைக்குழாயில் அரை கிராம் பொடியைச் சூடாக்கினால் சின்கோனா பட்டையிலிருந்து செந்நிற ஆவி எழுந்து குழாயின் மேல்பகுதியில் படியும். இவை பட்டையை அடையாளம் காண மட்டும். பொடியைக் குடித்துச் சோதிக்க வேண்டாம். ஒவ்வொரு மரத்துப் பட்டையிலும் குயினைன் அளவு பல மடங்கு வேறுபடும், கூடினால் காது இரையும், பார்வை மங்கும், இதயத் துடிப்பு தடுமாறும்.

1820இல் பெலத்தியேயும் கவான்தூவும் பாரிஸில் பட்டையிலிருந்து பிரித்தெடுத்த பொருளுக்குக் கினாவிலிருந்தே குயினைன் என்று பெயரிட்டார்கள். 1842இல் கெரார் அதைக் காரத்தோடு காய்ச்சி வடித்ததில் கிடைத்தது குயினோலின். பட்டையிலிருந்த குயினிக் அமிலத்தின் வழியாக வந்தது குயினோன். அதன் வழி போட்டோ கழுவும் ஹைட்ரோகுயினோன். மலேரியாவுக்கான குளோரோகுயின், சிப்ரோஃபிளாக்சசின் சேர்ந்த ஃபுளோரோகுயினோலோன் குடும்பம் எல்லாம் இந்தக் கிளையில் பிறந்த பெயர்கள். கடைசியாகச் சொன்னவற்றின் சரக்கில் சின்கோனா பட்டை ஒரு துளிகூடக் கிடையாது; மைராக்சிலன் பட்டையும்தான்.